மேல்படியில் வைத்த புட்டி

வோருமா பக்கத்திலிருந்து பெட்டி திரும்பி வந்தது.
பன்னிரண்டு புட்டிகள். ஒன்பது திறக்காதவை.
செய்தித்தாளில் சுற்றியிருந்தார்கள், மீன் பொட்டலம் போல.
கூடவே ஒரு தாள்,
மாட்டு மருத்துவர் ஹெல்தூர் எழுதியது:
மேலே எண்ணெய். கீழே கல்.
மூன்று ஊசி அடைத்துக்கொண்டது.
மூன்றாவதில் முஸ்டிக் என்னை உதைத்தாள்.
உங்கள் மருந்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

தார்த்துவில் எங்கள் ஆய்வுக்கூடம் இரண்டாம் மாடி.
ஜன்னலுக்கு வெளியே எமாயோகி ஆறு
ஓரங்களில் உறைந்து நடுவில் மட்டும் ஓடியது.

புட்டியைத் தலைகீழாகப் பிடித்தேன்.
எண்ணெய் நகர்ந்தது.
மருந்து நகரவில்லை,
காலிசெய்ய மறுக்கும் வாடகைக்காரரைப் போல.

இதே தொகுதியில் ஒன்று என் அலமாரியில் இருக்கிறது.
ஒரு வருடமாக யாரும் தொடாதது.
நல்லெண்ணெயில் மேலிருந்து கீழ்வரை ஒரே வெண்மை.
சாய்த்தால் அசையாது.
ஐந்து தடவை குலுக்கினால் மோராக இறங்கும்.
வைத்துவிட்டுத் தேநீர் குடித்து வருவதற்குள்
மறுபடி முறுக்கிக்கொண்டு நிற்கும்.

ஒரு சொட்டு எடுத்தேன். கீழே தட்டு, மேலே கூம்பு.
மெதுவாகச் சுற்றினால் எதிர்க்கிறது,
வேகம் கூட்டினால் விட்டுக்கொடுக்கிறது.
திரையில் கோடு சரிகிறது.
திரும்பும்போது வந்த வழியே வருவதில்லை,
கொஞ்சம் தாழ்ந்து, வேறு தடத்தில்.
இரண்டு கோட்டுக்கும் நடுவே ஓர் ஒல்லி இலை.
அந்த இலையின் அகலம்தான்
அது ஒன்றை மறக்க எடுக்கும் நேரம் என்று
ஒருமுறை அறிக்கையில் எழுதினேன்.
மேலாளர் அடித்துவிட்டார்.

ஹெல்தூரைத் தொலைபேசியில் பிடித்தேன்.
எங்கே வைத்திருந்தீர்கள்?
வண்டியில். மைனஸ் இருபத்திரண்டு.
மெழுகாகிவிட்டது, ஊசியில் ஏறவே இல்லை.
அதனால்?
சாவுனா அறையில் வைத்தேன்.
எந்தப் படியில்?

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

மேல்படியில்.
எவ்வளவு நேரம்?
குளித்து முடிக்கும்வரை.
பிறகு சாப்பிட்டோம். பிறகு மறந்துபோனோம்.

எண்ணெயில் நாங்கள் ஒரு சோப்பு கலக்கிறோம்.
அது கண்ணுக்குத் தெரியாத வலை பின்னி
ஒவ்வொரு துகளையும் இருந்த இடத்தில் இருத்தும்.
அந்தப் பிடிவாதத்தை அவர் நோயென்று நினைத்து
சூடு காட்டிக் குணப்படுத்திவிட்டார்.
வலை அறுந்தது. எண்ணெய் நீராக இளகியது.
இரவெல்லாம் துகள்கள்
ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கிப் படிந்தன.
விடியலில் குளிர் வந்து அவற்றின் மேல் உட்கார்ந்தது.

கக்கத்தில் வையுங்கள், என்றேன்,
ஒரு மாடு கறக்கிற நேரம் போதும்.
குலுக்குங்கள். பதினாறாம் எண் ஊசி.
நிறுத்தாமல் அழுத்துங்கள், நின்றால் இறுகும்.
மூர்க்கமாகத் தள்ளினால் ஊசிவாயில் முட்டிக்கொள்ளும்,
தீப்பிடித்த கொட்டகை வாசலில் ஆட்கள் மாதிரி.

முஸ்டிக் எப்படி இருக்கிறாள்?
கால் வீக்கம் வடிந்துவிட்டது.
தண்ணீரில் கரைகிற மருந்து, தினம் ஒன்று.
ஏழு நாளும் உதைத்தாள்.

அவர் சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை.

புகார்ப் படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம்.
உற்பத்தி, போக்குவரத்து, பயன்பாடு.
பயன்பாடு என்று குறியிடப் போனேன்,
பிறகு எங்கள் சீட்டை எடுத்துப் படித்தேன்.
குளிராக இருந்தால் வெதுவெதுப்பாக்கவும்.
எவ்வளவு என்று இல்லை.
அந்த வரி நான் எழுதியது.

கிளம்பும்போது விளக்கை அணைக்கப் போனவள் நின்றேன்.
காலையில் கவிழ்த்து வைத்த புட்டியில்
கல்லின் ஓரத்திலிருந்து ஒரு துணுக்கு கழன்று
எண்ணெய்க்குள் மிக மெதுவாக
வந்துகொண்டிருந்தது.
அது கழுத்தைத் தொடும்வரை பார்த்திருந்ததில்
ஏழு மணிப் பேருந்து போய்விட்டது.